500 மில்லிகிராம் மாத்திரை 225 ஆன இடம்: தர்மபுரியின் ரெக்கார்டு தட்டச்சுக் கடை ஒன்று

தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில், இரண்டு கணினிகளையும் ஒரு பெரிய ஜெராக்ஸ் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு, கல்லூரி மாணவர்களின் செய்முறை அறிக்கைகளைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, பைண்டிங் போட்டுத் தரும் கடை ஒன்று இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல; அவற்றில் பாதி, கடைக்காரரை விட என்னைப் போன்ற ஆசிரியர்களின் தலையில் விழ வேண்டியவை.

நான் தனியார் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பில் ஒரு பங்கு. அந்தக் கடையின் நீல அட்டையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணும் அளவுக்கு அதன் வேலை எனக்குப் பழக்கம் என்றாலும், வாடிக்கையாளராக உள்ளே நுழைந்தது அண்மையில்தான். எங்கள் வீட்டில் தங்கி முதுநிலை வேதியியல் படிக்கும் என் அண்ணன் மகள், பாராசிட்டமால் மாத்திரையை, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் புற ஊதா நிறமாலைமானியில் அளந்த சோதனைக்கு, தட்டச்சு செய்த அறிக்கை ஒன்றை ஒப்படைக்க வேண்டியிருந்தது. வீட்டு மடிக்கணினி பழுதுபார்க்கப் போயிருந்ததால், அவள் கையால் எழுதி வைத்திருந்த தாள்களை எடுத்துக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை மாலை இருவரும் அங்கே போனோம்.

தலைப்பைப் பார்த்ததுமே கடைக்காரர் சிரித்தார். "பாராசிட்டமால் யூவி தானே பாப்பா? ரெடியாவே இருக்கு. பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் சொல்லு, பத்து நிமிஷத்துல எடுத்துரலாம்" என்றார். "இல்லைங்கண்ணா, எனக்கு வந்த ரீடிங் வேற" என்று அவள் சொன்னதற்கு, "ரீடிங்க வேணா மாத்திக்கலாம், மத்ததெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்று பதில் வந்தது. நான் ஆசிரியை என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவர் கோப்பை மறைக்கவில்லை. "பாருங்க மேடம், தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்" என்று திரையையே என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண்ணை இப்போதே கொடுத்துவிடுகிறேன்.

தயார் நிலையில் இருக்கும் அந்த அறிக்கையின் விலை, பைண்டிங் உட்பட 300 ரூபாய். பதினான்கு பக்கம். செய்முறைப் பகுதியை யாரோ விவரம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை, ஏனென்றால் மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அதிகாரபூர்வ நூலான இந்தியன் ஃபார்மகோபியா சொல்லும் முறை அதில் அப்படியே இருந்தது. இருபது மாத்திரைகளை எடை போட்டுப் பொடித்து, 0.15 கிராம் பாராசிட்டமால் அடங்கும் அளவுப் பொடியை எடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லியில் கலந்து, 100 மில்லி நீர் சேர்த்து, பதினைந்து நிமிடம் குலுக்கி, 200 மில்லிக்கு நிரப்பி வடிகட்ட வேண்டும். வடிநீரில் 10 மில்லியை 100 மில்லியாக்கி, அதிலிருந்து மறுபடியும் 10 மில்லி எடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மில்லி சேர்த்து, மீண்டும் 100 மில்லியாக்கி, 257 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்க வேண்டும். இதில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

பிழை அடுத்த பக்கத்தில் இருந்தது. 257 என்று எழுதிய செய்முறைக்கு எதிரே, 243 நானோமீட்டரில் உச்சம் காட்டும் நிறமாலைப் படம் ஒன்று வண்ணத்தில் ஒட்டப்பட்டிருந்தது. பாராசிட்டமாலில் பென்சீன் வளையத்தோடு ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி, காரக் கரைசலில் தன் புரோட்டானை இழந்து எதிர்மின் அயனி ஆகிறது. அப்போது ஒளி உறிஞ்சும் உச்சம் நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்ந்து 257க்கு வருகிறது. அமிலத்திலோ வெறும் நீரிலோ கரைத்தால்தான் உச்சம் 243 அருகில் நிற்கும். ஆக, செய்முறை ஒரு கரைசலுக்கும் படம் வேறொரு கரைசலுக்கும் உரியவை. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் எந்த ஆசிரியரும் முதலில் கேட்கக்கூடிய கேள்வி இதுதான்: கேட்டால், 300 ரூபாய் கொடுத்த பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கும். இத்தனை ஆண்டுகளாக அந்தப் படம் அங்கே இருக்கிறது என்றால் நாங்கள் யாரும் கேட்கவில்லை என்று பொருள். என் கையெழுத்தும் அந்தப் படத்துக்குக் கீழே எத்தனை முறை விழுந்திருக்கிறதோ!

இன்னொன்று, ஊருக்கே உரிய குறை. அந்த அறிக்கை கரைசல் தயாரிக்கும் இடத்திலெல்லாம் வெறுமனே "நீர்" என்று எழுதிக்கொண்டே போகிறது. தர்மபுரி மாவட்டத்தில் அப்படி எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல்லிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டம் இது. ஃபுளோரைடு இந்தச் சோதனையைத் தொந்தரவு செய்யாது என்றாலும், போர் தண்ணீரின் கடினத்தன்மை நிச்சயம் செய்யும். காரம் சேர்ந்ததும் கால்சியம் கார்பனேட் நுண்துகள்களாகப் பிரிந்து கரைசலை இலேசாகக் கலங்க வைக்கும். கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளியையும் உறிஞ்சப்பட்டதாகவே இயந்திரம் கணக்கு வைக்கும். அதனால்தான் வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த தூய நீர்) என்று எழுத வேண்டும், எழுதுவதோடு நில்லாமல் அதையே பயன்படுத்தவும் வேண்டும். ஒப்பீட்டுக்கு வைக்கும் பிளாங்க் கரைசலும் வெறும் நீராக இல்லாமல், மாதிரியில் இருக்கும் அதே 0.01 மோலார் காரமாக இருக்க வேண்டும் என்பது தயார் அறிக்கையில் எங்குமே இல்லை.

விடைப் பகுதிக்கு வந்தால், மாத்திரையில் இருக்க வேண்டிய பாராசிட்டமாலில் 99.8 சதவீதம் இருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் சென்ற பருவத்தில் நான் திருத்திய ஐந்து நோட்டுகளில் இதே 99.8ஐப் பார்த்து, இந்த வகுப்பில் பிப்பெட் பிடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று மகிழ்ந்திருந்தேன்.

தயார் அறிக்கையைப் பற்றி இவ்வளவு போதும். அதை வாங்க வேண்டாம். இனி, நாங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்கிய தட்டச்சு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்துக்கு 25 ரூபாய் கட்டணம்; கறுப்பு வெள்ளை அச்சுக்கு 2 ரூபாய், வண்ண அச்சுக்கு 10 ரூபாய், ஸ்பைரல் பைண்டிங்குக்கு 40 ரூபாய். எங்களுடையது பதினாறு பக்கம், அதில் இரண்டு வண்ணம். மொத்தம் 488 ரூபாய். மறுநாள் மாலை வரச் சொன்னார்கள். சொன்ன நேரத்தில் தயாராக இருந்தது. அட்டவணைகளின் கோடுகள் நேராக இருந்தன, பக்க எண்கள் சரியாக இருந்தன, தட்டச்சு செய்யும் அந்த இளைஞரின் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இரண்டே இரண்டுதான் கண்ணில் பட்டன. இந்த அளவில் நிறுத்திக்கொண்டால் நல்ல கடை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் அண்ணன் மகள் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "அத்தை, இதப் பாருங்க" என்றாள். அளக்கும் கடைசிக் கரைசலின் செறிவை மில்லிக்கு 7.5 மைக்ரோகிராம் என்று அவள் எழுதியிருந்தது, மில்லிக்கு 7.5 மில்லிகிராம் என்று அச்சாகியிருந்தது. ஓரிடத்தில் என்றால் கைதவறியது எனலாம். பதினேழு இடங்களிலும் அப்படியே. உச்ச அலைநீளத்தைக் குறிக்கும் லாம்டாவும் எல்லா இடத்திலும் ஆங்கில எல் எழுத்தாக மாறிப் போயிருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதை அந்த இளைஞரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சிம்பல் என்ற எழுத்துருவைத் தேர்ந்துகொண்டு எம் விசையைத் தட்டினால் திரையில் மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான மியூ தெரியும். எல் விசையைத் தட்டினால் லாம்டா தெரியும். அவர் அப்படித்தான் சரியாகத் தட்டியிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, அறிக்கை முழுவதும் ஒரே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்ற கல்லூரி விதிக்காக, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றியிருக்கிறார். மாற்றிய அந்த நொடியில் மியூ எல்லாம் எம் ஆகிவிட்டன, லாம்டா எல்லாம் எல் ஆகிவிட்டன. யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டதால் வந்த வினை. ஆயினும் இந்த ஓர் எழுத்து செய்யும் கெடுதல் சிறியதல்ல. பாராசிட்டமாலுக்கு 257 நானோமீட்டரில், நூறு மில்லிக்கு ஒரு கிராம் என்ற செறிவில், ஒளி கடக்கும் ஒரு சென்டிமீட்டர் பாதைக்கு உரிய அப்சார்பன்ஸ், அதாவது ஒளி உறிஞ்சல் அளவு, 715. மில்லிக்கு 7.5 மைக்ரோகிராம் என்றால் நூறு மில்லிக்கு 0.00075 கிராம், பெருக்கினால் வர வேண்டிய அப்சார்பன்ஸ் 0.536. மில்லிகிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 536 வரும். அப்படியொரு கரைசல் உண்மையில் இயந்திரத்தில் வைக்கும் சிறு குப்பியான குவெட்டுக்குள் இருந்தால், விளக்கிலிருந்து கிளம்பும் ஒளித்துகளில் ஒன்றுகூட மறுபக்கம் போய்ச் சேராது.

அவர் உடனே திருத்திக் கொடுத்தார். இனிமேல் யாராவது அங்கே போனால், சின்னங்களை இன்செர்ட் பட்டியலிலிருந்து எடுத்துப் போடச் சொல்லுங்கள். அல்லது மைக்ரோகிராம் என்று முழுச் சொல்லாகவே அடிக்கச் சொல்லுங்கள், எந்த எழுத்துருவுக்குப் போனாலும் அது மாறாது.

வரைபடத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. அவள் செறிவு முன்பே தெரிந்த ஐந்து நியமக் கரைசல்களைத் தயாரித்திருந்தாள்: மில்லிக்கு 2, 4, 6, 8, 12 மைக்ரோகிராம். அளந்த அப்சார்பன்ஸ் முறையே 0.146, 0.285, 0.433, 0.570, 0.861. செறிவுக்கு நேர் விகிதத்தில் உறிஞ்சல் கூடும் என்ற பீர் லாம்பர்ட் விதிப்படி இவை ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். கையால் வரைபடத்தாளில் போட்டபோது அழகாக விழுந்தும் இருந்தன. கடையில் அச்சாகி வந்த படத்திலோ, நான்காம் புள்ளிக்குப் பிறகு கோடு திடீரென்று மேல் நோக்கி மடங்கியிருந்தது. எக்செல் தந்த சமன்பாட்டில் சாய்வு 0.1715, வெட்டு (கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம்) மைனஸ் 0.0555.

எக்செலில் லைன் என்றொரு வரைபடம் உண்டு, ஸ்கேட்டர் என்று இன்னொன்று உண்டு. லைன் வகை, கிடை அச்சில் நாம் கொடுக்கும் 2, 4, 6, 8, 12 ஆகியவற்றை எண்களாகவே கருதாது; கிழமைகளின் பெயர்களைப் போல வெறும் பெயர்களாக வைத்துக்கொண்டு, சம இடைவெளியில் அடுக்கிவிடும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இரட்டை இடைவெளி அதனால் காணாமல் போகிறது. அதற்கு மேல், சமன்பாடு கேட்டால் 1, 2, 3, 4, 5 என்று தானே எண் போட்டுக் கணக்குப் பண்ணிக் கொடுக்கும். கடைகளில் மாத விற்பனைப் படம் போட்டுப் பழகிய கை, பழக்கத்தில் லைனைத்தான் அழுத்தும். அந்த இளைஞரும் அதைத்தான் அழுத்தினார்.

இதன் விளைவை அவர் கண்முன்னேயே கணக்குப் போட்டுக் காட்டினேன், அது திட்டுவதை விடச் சுலபமாக இருந்தது. மாத்திரைக் கரைசலின் அப்சார்பன்ஸ் 0.522. கடையின் சமன்பாட்டில் வைத்தால் செறிவு 3.37 மைக்ரோகிராம், அதாவது 500 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருக்கும் மாத்திரைக்குள் 225 மில்லிகிராம் கூட இல்லை. அது உண்மையென்றால் புகார் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும், ரெக்கார்டு நோட்டுக்குள் இருக்கக் கூடாது. ஸ்கேட்டருக்கு மாற்றியதும் சாய்வு 0.0715 ஆகவும் வெட்டு 0.0013 ஆகவும் வந்து நின்றன. அதில் வைத்தால் 7.28 மைக்ரோகிராம், அதாவது எதிர்பார்த்த 7.5இல் 97.1 சதவீதம், மாத்திரைக்குச் சுமார் 485 மில்லிகிராம். ஃபார்மகோபியா அனுமதிப்பது 95 முதல் 105 சதவீதம் வரை. மாத்திரை தேறிவிட்டது. "ஐயோ மேடம், மாத்திரைக்காரன் மேல பழி போட்டிருப்போமே" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாய்வு 0.0715 என்பதையும் 715 என்ற அந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, இரண்டும் ஒரே இலக்கங்களாக இருப்பது தற்செயல் அல்ல என்பது புரிந்திருக்கும். இது மில்லிக்கு ஒரு மைக்ரோகிராம் கணக்கு, அது நூறு மில்லிக்கு ஒரு கிராம் கணக்கு. அளவை மட்டும்தான் வேறு. அண்ணன் மகளின் அறிக்கையில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். அவள் தன் கோட்டிலிருந்து வந்த 97.1ஐயும், ஃபார்மகோபியாவின் 715ஐ நேரடியாகப் போட்டால் வரும் 97.3ஐயும் இரண்டையும் எழுதிவிட்டு, கோடு மூலப்புள்ளிக்குச் சற்று மேலே, 0.0013இல் தொடங்குவதால்தான் இந்த 0.2 வித்தியாசம் என்று அரைப் பக்கம் விவாதித்திருந்தாள். இப்படியொரு அரைப் பக்கம் 300 ரூபாய் அறிக்கையில் இருக்கவே முடியாது, அதில் இரண்டாவது விடைக்கே இடம் இல்லை.

தட்டச்சு செய்தவர் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியமும் செய்திருந்தார். இருபது மாத்திரைகளின் சராசரி எடை 0.5842 கிராம், எடுத்த பொடி 0.1753 கிராம் என்று அவள் நான்கு தசம இடங்களோடு எழுதியிருந்ததை, "அழகுக்காக" இரண்டு இடத்துக்குச் சுருக்காமல் அப்படியே விட்டிருந்தார். வேறொரு ஊரில் வேறொரு கடையில் 0.18 என்று சுருக்கப்பட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் தராசு கொடுத்த துல்லியம் முழுவதும் போய், விடையில் இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஆட்டம் கண்டுவிடும்.

திருத்திய ஐந்து பக்கங்களுக்கும் மறு அச்சுக்கும் காசு வாங்கவில்லை. நான் நீட்டியபோதும், "எங்க தப்புக்கு நீங்க எதுக்குங்க மேடம் குடுக்கணும்" என்று மறுத்துவிட்டார். பைண்டிங் உறுதியானது, ஓரம் நேராக வெட்டப்பட்டு, முன்னால் கண்ணாடித் தாளும் பின்னால் நீல அட்டையும் வைத்துத் தருகிறார்கள். நிறமாலைப் படத்தின் வண்ண அச்சில் மட்டும் சிவப்பு சற்றுத் தூக்கலாக விழுகிறது. கல்லூரி இயந்திரத்திலிருந்து எடுத்த படத்தைக் கைப்பேசியில் புகைப்படமாகக் கொண்டுபோகாமல் பென் டிரைவில் கோப்பாகவே கொண்டுபோனால் அச்சின் எண்கள் தெளிவாக விழும்; நாங்கள் புகைப்படம் கொண்டுபோய், 257இன் ஏழு ஒன்றைப் போலத் தெரிகிறதே என்று பேனாவால் தொட்டு எழுதினோம்.

கடைக்குள் உட்கார இடம் இல்லை. பிள்ளைகள் வாசலில் வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் பிழை பார்க்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்த வெளிச்சத்தில் மியூவுக்கும் எம்முக்கும் வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை. ஒரு பெஞ்சும் ஒரு குழல் விளக்கும் போட்டால் அவருக்கு மறு அச்சுச் செலவே மிச்சமாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பைண்டிங்குக்கு ஐந்தில் ஐந்து, தட்டச்சுக்கு மூன்று, வரைபடத்துக்கு ஒன்று, தயார் அறிக்கைக்குப் பூஜ்யம். பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் போனால் ஒரு நாளில் கிடைப்பது மூன்று நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைதான் கடை. இரண்டு வாரம் கழித்து, வேறொரு மாணவனின் வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பெஞ்சு வந்திருந்தது. தயார் அறிக்கையில் 243 படத்தை எடுத்துவிட்டு 257 படம் வைத்திருந்தார், நீர் என்பதெல்லாம் வாலைவடிநீர் ஆகியிருந்தது, விலையும் 350 ஆகியிருந்தது.